கேத்திக்கு வால் வைத்த பட்டம்தான்

லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த பேரன் கையோடு ஒரு காற்றாடி கொண்டுவந்தான். வால் கிடையாது. மொட்டை மாடியில் டீல் விட அது சரி. நூலை இழுத்தும் விட்டும் நினைத்த பக்கம் திருப்பலாம். கேத்திக் காற்று அப்படியா? பள்ளத்தாக்கில் சுழன்று சுழன்று அடிக்கும். இரண்டு குட்டிக்கரணம் போட்டு டீத்தோட்டத்தில் விழுந்தது.

சாயங்காலம் நானே ஒன்று செய்தேன். செய்தித்தாள், விளக்குமாற்றில் உருவிய ஈர்க்குச்சி, சோற்றுப் பசை, என் பழைய வேட்டியைக் கிழித்து ஆறடி வால். (நல்ல வேட்டியாம், வீட்டில் திட்டு.) வால் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பதால் பட்டம் தலைநிமிர்ந்து நின்றது.

"மாஞ்சா வாங்கித் தாங்க தாத்தா" என்றான். அதற்கு மட்டும் நான் ஒப்பவில்லை. பைக்கில் போனவர்களின் கழுத்தை அறுத்த நூல் அது. சென்னையில் குழந்தைகள்கூடச் செத்திருக்கிறார்கள். நைலான் மாஞ்சாவை 2017-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்தது. கண்ணாடித் தூள் பூசிய எதுவும் இந்த வீட்டுக்குள் வராது என்று சொல்லிவிட்டேன். வெறும் பருத்தி நூல் போதும். அறுந்தால் பட்டம்தானே போகும்?

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். இன்று காலை, வால் கட்டச் சொல்லிக் கொடுக்கச் சொன்னான். இன்னொரு வேட்டி தேடிக்கொண்டிருக்கிறேன்.