தலையெண்ணிக்கையும் தண்டனையும்

ஜனத்தொகைக்குத் தக்கபடி பார்லிமெண்டில் ஸ்தானம் என்பது பார்வைக்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் அதன் யோக்கியதையைச் சற்று யோசித்துப் பாருங்கள். 1962-ல் 41 ஸ்தானங்கள் பெற்றிருந்த சென்னை ராஜ்யத்துக்கு 1967-ல் 39-தான் கிடைத்தது. பிள்ளைப் பேற்றை அளவாக்குங்கள் என்று உபதேசித்த சர்க்காரே, கேட்டு நடந்தவர்களின் ஸ்தானத்தைப் பறிப்பது, சொற்படி கேட்ட பிள்ளைக்குச் சோற்றைக் குறைப்பது போலாகாதா? இதை உத்தேசித்தே 1976-ல் 42-வது திருத்தம் 1971-ம் வருஷக் கணக்கோடு பங்கீட்டை நிறுத்திற்று. 84-வது திருத்தம் அதை 2026 வரை நீட்டிற்று. இது வாய்தாவே யொழியத் தீர்ப்பாகாது. வடநாட்டுக் குடியானவனின் ஓட்டு மதிப்புக் குறையவேண்டுமென்று நாம் சொல்லவில்லை; அவனும் மனிதனே. பெண்களைப் படிக்கவைத்து அளவோடு பெற்ற குற்றத்துக்காக எந்த நாட்டாரின் குரலும் குறையக்கூடாது என்றே சொல்லுகிறோம்.