பம்பை மாற்றலாம், பெட்ரோலை யார் மாற்றுவது?

பழைய கார் இழுக்க மறுத்தால் 'பம்பை மாத்து' என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் தீர்ப்பு. விசாரணையே கிடையாது. கோயம்புத்தூரில் இன்ஜெக்ஷன் வைத்த பழைய கார்களுக்கென்றே ஒரு சிறிய ஒர்க்ஷாப் நடத்துகிறேன். வருகிற வண்டிகள் பலவற்றில் வேறெங்கோ ஏற்கெனவே புதுப் பம்பு போட்டிருப்பார்கள். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

இப்போது என் லிஃப்டில் நிற்பது 1991ஆம் வருட மெர்சிடிஸ் 500 எஸ்எல். சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தோடு வந்த வண்டி. 1989இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான மாடல். ஐந்து லிட்டர் வி8 இன்ஜின், 326 குதிரைத்திறன், மணிக்கு 250 கிலோமீட்டர் எட்டியதும் தானே கடிவாளம் போட்டுக்கொள்ளும். கவிழப் போகிறோம் என்று தெரிந்தால் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு வளைகம்பி சட்டென்று எழுந்து நிற்கும். (அதை ஒருமுறை எழுப்பிக் காட்டுங்கள் என்று ஒர்க்ஷாப் பையன்கள் என்னைப் படுத்துகிற பாடு தனிக்கதை.) இந்த இன்ஜினின் பசிக்கு ஒரு பம்பு போதாது. வண்டியின் அடியில், பின் அச்சுப் பக்கம், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் இரண்டு பம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.

"ஏனுங்க, ரெண்டையும் மாத்தீட்டாச் சரியாயிருமுங்களா?" என்றார் உரிமையாளர். கையோடு இரண்டு புதுப் பம்புகள் கொண்டுவந்திருந்தார். பெட்டியில் பாஷ் என்று அச்சடித்திருந்தது; அந்த அச்சே கொஞ்சம் மங்கல். சந்தையில் போலி ஏராளம். அவற்றை ஷெல்ஃபில் வைத்துவிட்டு, முதலில் அளந்து பார்ப்போமுங்க என்றேன்.

காலையில் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. வெயிலில் பாலக்காடு வரை போய், அரை மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. இது பெரும்பாலும் பம்பின் பலக்குறைவு அல்ல, பிரஷர் நிற்காத கோளாறு. இந்த வண்டியின் இன்ஜெக்ஷன் ஆறு பாருக்கு மேல் பிரஷரில் வேலை செய்வது. இன்ஜினை அணைத்த பிறகும் குழாயில் ஓரளவு பிரஷர் தங்க வேண்டும். தங்காவிட்டால் இன்ஜின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும். தங்க வைப்பவை இரண்டு: பம்பின் வெளிவாயிலுள்ள நான்-ரிட்டர்ன் வால்வு, அக்குமுலேட்டர் என்கிற சின்ன டப்பா. வால்வு பல பம்புகளுக்குத் தனியாகவே கிடைக்கும். விலையும் பம்பை ஒப்பிட்டால் அற்பம். அதை மாற்றினால் தீருகிற கோளாறுக்கு இரண்டு பம்பின் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குவது வேறு கதை. அதற்கு ரிட்டர்ன் குழாயை ஒரு கேனில் விட்டு, 40 நொடிக்குள் ஒரு லிட்டர் வருகிறதா என்று பார்ப்பேன். வரவில்லை. பம்பின் முனையில் வோல்டேஜ் பார்த்தேன், குறையவில்லை. ரிலேவும் நன்றாகவே இருந்தது. முன் பம்பு மட்டும் ஆம்பியர் கூடுதலாக இழுத்தது. ஆக, ஒரு பம்பு சாகிறது, உண்மைதான். ஏன் சாகிறது?

கோயம்புத்தூர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். போர்வெல்லுக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரைத் தண்ணீர்தான் குளிர வைக்கிறது. கிணறு வற்றி டிரை ரன் ஆனால் வைண்டிங் காந்திவிடும். ஃபியூவல் பம்பும் அதே ஜாதி. பெட்ரோல் மோட்டாரின் உடம்புக்குள்ளேயே ஓடுகிறது. குளிர்ச்சியும் அதுதான், மசகும் அதுதான். காற்று புகாததால் உள்ளே பொறி பறந்தாலும் தீப்பிடிப்பதில்லை. வரத்து குறைந்தால் மோட்டார் சூடேறித் தேயும். இந்த வண்டியில் வரத்தைக் குறைத்தது எது என்று பார்க்க டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸைக் கழற்றினேன். வெளியே பார்க்கப் பளபளவென்று இருந்தது. உள்ளே ஊறி உப்பி, விரலால் தொட்டால் கறுப்பாக ஒட்டியது. உதிர்ந்த துணுக்குகள் பம்பின் வாயை அடைத்துக்கொண்டிருந்தன.

முப்பது வருட ரப்பர் எந்தப் பெட்ரோலிலும் கெடும். எல்லாப் பழியையும் இப்போது பெட்ரோலில் கலக்கிற எத்தனால் மேல் போட மாட்டேன். ஆனால் முன்பெல்லாம் பழைய ஹோஸ் காய்ந்து, வெடித்து, வெளியே கசிந்து எச்சரிக்கும். இப்போது பார்ப்பவை உள்ளே கொழகொழத்துப்போகிறவை. அந்தக் காலத்து நைட்ரைல் ரப்பரை எத்தனால் ஊற வைக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கிறது. மாதக்கணக்கில் நிற்கிற வண்டியின் டேங்கில் தண்ணீர் தனியே பிரிந்து அடியில் தங்கித் துருவேற்றும். ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் நிற்கிற கார். ஆறு பார் பிரஷரில், சூடான சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு இணைப்பு கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

'கோடீஸ்வரன் காரைப் பற்றி எனக்கென்ன?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் இந்தக் கார் பிரஷர் அதிகம் என்பதால் முதலில் கத்துகிறது, அவ்வளவே. வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கிற பழைய ஜென்னிலும் சான்ட்ரோவிலும் அதே தலைமுறை ரப்பர்தான்.

நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்புக்கு முதலில் வைத்த இலக்கு 2030. அதை 2025க்கு இழுத்தார்கள், எட்டியும்விட்டார்கள். கரும்பு, மக்காச்சோள விவசாயிக்குப் பணம், கச்சா எண்ணெய்க்குப் போகும் அந்நியச் செலாவணி மிச்சம் என்ற வாதங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய வண்டிக்காரனின் நிலை என்ன? எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சீராக்கிய கார்களில் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021லேயே எழுதியது. 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடிய பின் சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம், செலவு அதிகமில்லை என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. பாகங்கள் எளிதாகக் கிடைக்கிற வண்டிக்கு அது சரி. எஸ்எல்லுக்கு வளைவு வளைவாக வார்த்த ஹோஸ் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும், சுங்க வரியோடு. எத்தனால் இல்லாத பெட்ரோலும் வேண்டும் என்ற பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது.

பிரேசிலைப் பாருங்கள் என்கிறார்கள். பார்க்கலாம். அங்கே 2003இலேயே எந்தக் கலப்பிலும் ஓடுகிற ஃபோக்ஸ்வேகன் கோல் விற்பனைக்கு வந்துவிட்டது. வண்டிகள் பெட்ரோலுக்கு ஏற்ப மாற இருபது வருடத்துக்கு மேல் கிடைத்தது. நான் பிரிட்டனைப் பார்க்கச் சொல்வேன். 2021 செப்டம்பரில் 10 சதவீதக் கலப்பைப் பொதுப் பெட்ரோலாக்கியபோதே, பழைய வண்டிகளுக்காக 5 சதவீத 'சூப்பர்' பெட்ரோலைத் தொடர்ந்து விற்க ஏற்பாடு செய்தார்கள். விலை கூடுதல், ஆனால் கிடைக்கிறது. எது எத்தனை சதவீதம் என்று பங்க்கில் ஒட்டியும் இருக்கிறது. ஜெர்மனியிலும் இரண்டும் உண்டு. அதுவும் வெறும் 10 சதவீதத்துக்கே இந்த முன்ஜாக்கிரதை. நாம் 20க்குப் போய்விட்டு ஒரு மாற்றுக் குழாய்கூட வைக்கவில்லை. இங்கே 2020இல் டெல்லியில் லிட்டர் 160 ரூபாய்க்கு அறிமுகமான 100 ஆக்டேன் பெட்ரோலைத்தான் என் வாடிக்கையாளர்கள் தேடி அலைகிறார்கள், பலர் ஆக்டேனுக்காக அல்ல, எத்தனாலைத் தவிர்க்க.

மாவட்டத்துக்கு இரண்டு பங்க்கிலாவது குறைந்த கலப்புப் பெட்ரோல் வேண்டும். மானியம் கேட்கவில்லை, கூடுதல் விலை வைத்தே விற்கட்டும். ஒவ்வொரு குழாயிலும் சதவீதத்தைத் தமிழில் எழுதி ஒட்டட்டும்.

அதுவரை 500 எஸ்எல்காரருக்கு என் வேலைப் பட்டியல் இது: ஒரு பம்பு, அசல் சரக்கு, இரண்டு நான்-ரிட்டர்ன் வால்வு, ஃபில்டர், டேங்கை இறக்கிக் கழுவுவது, எத்தனால் தாங்கும் ஃபுளூரோ ரப்பர் உட்பூச்சு கொண்ட ஹோஸ், கழற்றிய ஒவ்வொரு இணைப்புக்கும் புதுச் செப்பு வாஷர். டேங்க் கால்வாசிக்குக் கீழே போக விடக் கூடாது, மாதம் ஒருமுறை நூறு கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். அவர் கொண்டுவந்த இரண்டு பம்புகளும் ஷெல்ஃபில் இருக்கின்றன. வாங்கிய கடைக்கே திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.