பூங்கா யாருக்குச் சொந்தம்?

சேலம், நாமக்கல் சமவெளியில் ஊருக்கு ஊர் புதிய வீட்டு மனைகள் எழுகின்றன. சோளமும் கடலையும் விளைந்த காடுகளில் கல் நட்டு மனை பிரிக்கிறார்கள். நாமக்கல் மாவட்டத்தில், பருத்தி ஏலம் நடக்கும் பேரூராட்சியான மல்லசமுத்திரம் இந்தச் சமவெளியில்தான் இருக்கிறது.

மனை வாங்குகிறவர்கள் பத்திரம் பார்க்கிறார்கள். பட்டா பார்க்கிறார்கள். சாலை எத்தனை அடி என்று கேட்கிறார்கள். "பூங்கா எங்கே?" என்று கேட்பவர்கள் குறைவு.

பத்தில் ஒரு பங்கு

பூங்கா என்பது யாரும் போடும் பிச்சை அல்ல. அது சட்டப்படி மக்களுக்கு உரியது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகள் இதைச் சொல்கின்றன. 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தை, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல், மனையாகப் பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்த வெளியாக விட வேண்டும். அந்த நிலத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நிலம் கிடைத்துவிட்டது. பிறகு என்ன? வேலி போட ஆள் வேண்டும். செடிக்குத் தண்ணீர் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் சீமைக் கருவேல் முளைக்கும். குப்பை சேரும். பிறகு ஒரு கொட்டகை வரும். பத்து ஆண்டு சென்றபின், அது பொது இடம் என்று சொல்லவே ஆள் இருக்காது.

பேரூராட்சிக்குக் குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை என்று ஆயிரம் வேலை. ஒவ்வொரு பூங்காவுக்கும் ஒரு தோட்டக்காரரை வைக்க அதன் பணப்பெட்டி இடம் கொடுக்காது. அதனால்தான் பல ஊர்களில், "நாங்களும் கை கொடுக்கிறோம்" என்று மக்களே முன்வருகிறார்கள்.

புதிய பழக்கம் அல்ல

இது தமிழ்நாட்டுக்குப் புதியது அல்ல. ஏரிக் கரையைக் காக்க ஊரார் கூடி உழைத்ததற்குக் குடிமராமத்து என்று பெயர். 2017-இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1997-ஆம் ஆண்டுவாக்கில் "நமக்கு நாமே" திட்டம் வந்தது. ஊரார் ஒரு பங்கு போட்டால் அரசாங்கம் மீதியைப் போடும் என்பதே அதன் சாரம். 2021-இல் அது மீண்டும் வந்தபோது, மக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று என்று வைத்தார்கள்.

சேலம் கன்னங்குறிச்சியில் மூக்கனேரி இருக்கிறது. சுமார் 58 ஏக்கர் ஏரி. சேறும் குப்பையுமாகக் கிடந்தது. 2010-இல் சேலம் மக்கள் குழு அரசாங்க அனுமதி பெற்று வேலையில் இறங்கியது. தூர் வாரிய மண்ணை வெளியே கொண்டு போகவில்லை. ஏரிக்குள்ளேயே குவித்துத் திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். இன்று அந்த மரங்களில் பறவைகள் தங்குகின்றன.

பெங்களூரிலும் இப்படி நடந்தது. 2011-இல் புட்டேனஹள்ளி ஏரியைப் பராமரிக்கும் பொறுப்பை, அக்கம்பக்கத்தார் அமைத்த அறக்கட்டளையிடம் மாநகராட்சி ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது.

அமெரிக்கா சொல்லும் பாடம்

நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர். 1970-களில் நகராட்சியிடம் பணம் இல்லை. பூங்கா பாழடைந்தது. 1980-இல் பொதுமக்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1998-இல் நகராட்சி அதனோடு முறைப்படி ஒப்பந்தம் செய்தது. இன்று செலவில் பெரும் பகுதியை அந்த அமைப்பே திரட்டுகிறது. ஆனால் நிலம் நகராட்சியுடையது.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்தப் பூங்காவைச் சுற்றிப் பணக்காரர்கள் வாழ்கிறார்கள். நன்கொடை குவிகிறது. அதே நகரின் ஏழைப் பகுதிப் பூங்காக்களுக்கு அந்த யோகம் இல்லை. மக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அரசாங்கம் கையைக் கழுவினால், வசதியுள்ள தெருவில் பூ பூக்கும். கூலிக்காரர் தெருவில் முள் முளைக்கும்.

எது யார் வேலை?

தொண்டர்களின் உற்சாகம் பெரும்பாலும் கன்று நடும் நாளோடு முடிந்துவிடுகிறது. ஐப்பசியில் நட்ட கன்று மாசி, பங்குனி வெயிலில் கருகுகிறது. நடுவது ஒரு நாள் வேலை. காப்பது மூன்று கோடைகளின் வேலை.

ஆகவே வேலையைப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது. எல்லைக் கல், வேலி, தண்ணீர்க் குழாய், விளக்கு, குப்பை வண்டி ஆகியவை உள்ளாட்சியின் பொறுப்பு. நீர் ஊற்றுவது, களை எடுப்பது, கண்காணிப்பது ஆகியவை தொண்டர்களின் பொறுப்பு. வசூலான பணத்துக்கும் செலவுக்கும் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுத வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். தண்ணீர் ஊற்றியவர்கள் பூங்காவைத் தங்கள் சொத்தாக நினைத்துப் பூட்டுப் போடக்கூடாது. பக்கத்துத் தெருக் குழந்தையை விரட்டக்கூடாது. தறி ஓட்டிக் களைத்தவரும் மாலையில் வந்து உட்கார இடம் இருக்க வேண்டும்.

2022 நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. வார்டு மக்கள் நேரில் கேள்வி கேட்கக் கிடைத்த வாய்ப்பு அது. அத்தகைய கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "எங்கள் வார்டில் தானமாக வந்த பூங்கா நிலம் எது? அதன் எல்லை எங்கே?"

பதில் கிடைத்த மறுநாளே வேலியும் மண்வெட்டியும் வந்தால், நிலம் பிழைக்கும். கேட்க ஆள் இல்லாத நிலம் கைமாறிப் போகும்.