மூடுவதற்கு முன் ஊரைக் கேட்டீர்களா?

2018 ஜூலையில் கர்நாடகத்தின் அன்றைய முதல்வர் எச்.டி.குமாரசாமி விதான சௌதாவில் படித்த நிதிநிலை அறிக்கையில், 28,847 அரசுப் பள்ளிகளை அருகிலுள்ள 8,530 பள்ளிகளோடு இணைக்கப்போவதாக ஓர் அறிவிப்பு இருந்தது. கன்னட எழுத்தாளர்களும் கல்வியாளர்களும் கொதித்தெழுந்தார்கள். அறிவித்த வடிவில் அந்தத் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. அடுத்த மாதமே ரிஷப் ஷெட்டி இயக்கிய ‘சர்க்காரி ஹிரிய பிராதமிக ஷாலே, காசரகோடு’ திரைக்கு வந்தது. கேரள எல்லைக்குள் மூடப்படவிருக்கும் கன்னடப் பள்ளி ஒன்றை அதன் பிள்ளைகளே காப்பாற்றும் கதை. படம் நன்றாக ஓடியது. சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. காசரகோட்டுப் பள்ளிக்காக மனம் கசிந்த அதே மாநிலத்தின் தலைநகரில்தான் சொந்தக் கிராமத்துப் பள்ளிகளின் பட்டியல் கோப்பில் உறங்கிக்கொண்டிருந்தது.

கோப்பு இப்போது வேறு பெயரில் விழித்திருக்கிறது. மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரே வளாகத்தில் நடத்தும் கர்நாடக பப்ளிக் பள்ளிகள் 2017-18இல் தொடங்கப்பட்டன. ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு மேலும் 500 பள்ளிகளை அப்படி மாற்றப்போவதாக 2025-26 நிதிநிலை அறிக்கை சொன்னது. பிறகு ‘மேக்னட்’ பள்ளி என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. சுற்றுவட்டாரச் சிறிய பள்ளிகளின் பிள்ளைகளை வாகனத்தில் அழைத்துவந்து ஒரே இடத்தில் படிக்கவைப்பது ஏற்பாடு. இது மூடுவிழாதான் என்கின்றன மாணவர் அமைப்புகள். எந்தப் பள்ளியும் மூடப்படாது என்கிறார் கல்வி அமைச்சர் மது பங்காரப்பா. பிள்ளைகள் எல்லோரும் வேனில் ஏறிப்போன பிறகு மிஞ்சும் கட்டடத்தை எப்படி அழைப்பது என்பதில்தான் இரு தரப்புக்கும் தகராறு என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரிய பள்ளி நல்லதா, சிறிய பள்ளி நல்லதா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு அக்கறை இல்லை. ஒரு பள்ளியைப் பற்றி பெங்களூருக்குத் தெரிந்திருப்பது என்ன, அது யார் வழியாக வந்து சேர்கிறது என்பதே என் கேள்வி.

நகரத்துத் தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்களின் கைப்பேசியில் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். மாறுவேடப் போட்டிப் படம் மதியத்துக்குள் தாத்தா, பாட்டிக்குப் போய்விடும். ஆனேக்கல், மாகடி பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியிலிருந்து மேலே போவது வேறு வகைச் செய்தி: இன்று எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை முட்டை அவித்தார்கள், எத்தனை பேர் பால் குடித்தார்கள். எல்லாம் எண்கள். இணையத்தில் ஏற்றியாக வேண்டும். புதிய மாணவர் எத்தனை பேர் என்ற எண் தொடர்ந்து குறைந்தால் பள்ளியின் பெயர் பட்டியலில் ஏறுகிறது. ஏன் குறைந்தது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

காரணம் பல ஊர்களில் அரசின் கைவேலைதான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இருந்தாலும் குறைந்தது இரண்டு ஆசிரியர் வேண்டும் என்கிறது அதன் அட்டவணை. பத்துப் பிள்ளைகள் படித்தாலும் இரண்டு பேர்தான். ஆனால், 2024-25ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கணக்குப்படி நாட்டில் 1,04,125 ஓராசிரியர் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 33.76 லட்சம் பேர் படிக்கிறார்கள். கர்நாடகத்தின் பங்கு 7,349. அந்த ஒரே ஆசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போனால் அன்று பாடம் கிடையாது. வாக்காளர் பட்டியல் வேலை வந்தாலும் அப்படியே. ஒரு மாதம் இதைப் பார்க்கும் கூலித் தொழிலாளிகூட கடன் வாங்கியாவது பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுவார். மூன்றாம் ஆண்டு, “மாணவர் சேர்க்கை இல்லை” என்று அரசு அறிவிக்கும். சட்டத்தை மீறியவரே அந்த மீறலின் விளைவைச் சான்றாகக் காட்டுகிறார்.

சிறிய பள்ளியில் கல்வித்தரம் இருக்காது என்பது இன்னொரு வாதம். ஐந்து வகுப்புப் பிள்ளைகள் ஓர் அறையில் உட்கார்ந்தால் என்ன படிப்பு வரும் என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு பெங்களூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் பழைய பதில் ஒன்று இருக்கிறது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையோடு இந்தியாவுக்கு வந்தவர் டேவிட் ஹார்ஸ்பர்க். ரிஷிவேலிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர், 1972இல் கோலார் மாவட்டம் ராயல்பாடு அருகே ‘நீல்பாக்’ என்ற பள்ளியைத் தொடங்கினார். சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்கான சின்னஞ்சிறு பள்ளி. தேர்வு இல்லை. வயது வாரியாக வகுப்பு இல்லை. பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து, அவரவர் வேகத்தில் படித்தார்கள். அங்கேயே ஆசிரியர் பயிற்சியும் நடந்தது. பயிற்சி பெற்றவர்களில் பத்மநாப ராவ் - ரமா தம்பதி குறிப்பிடத்தக்கவர்கள். அவர்கள் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியின் கிராமப்புறக் கல்வி மையத்தில், சுற்றியிருந்த சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக அந்த முறையைக் கற்றல் அட்டைகளாகவும் ‘ஏணி’யாகவும் வடிவமைத்தார்கள். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பிள்ளைக்கே தெரியும்.

1995இல் மைசூரு மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டே வட்டத்தின் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போய் இதைப் பார்த்தார்கள். கபினி அணையும் காப்புக்காடுகளும் பழங்குடிகளை இடம்பெயரவைத்த வட்டம் அது. பிள்ளைகள் பள்ளியில் தங்காததே அங்கு பெரிய பிரச்சினை. யுனிசெஃப் துணையோடு அந்த ஆசிரியர்கள் உருவாக்கியதுதான் ‘நலி கலி’ என்ற கற்றல் முறை. 2009-10 வாக்கில் கர்நாடகத்தின் கன்னட வழி அரசுப் பள்ளிகள் முழுதும் தொடக்க வகுப்புகளில் அது பரவியது. அதே ரிஷிவேலி ஊற்றிலிருந்து, எம்.பி.விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003இல் 13 பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கியது. 2007இல் அது தமிழ்நாடு முழுவதற்கும் போனது. தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளைப் புரட்டிய தலைமுறை இப்போது கல்லூரி முடித்து பெங்களூரில் வேலை செய்துகொண்டிருக்கும்.

ஆக, இரு பெரிய மாநிலங்களின் தொடக்கக் கல்விக்கு முறை கற்றுக்கொடுத்தது, இன்றைய அளவுகோலில் ‘மாணவர் எண்ணிக்கை போதாத’ ஒரு கிராமத்துப் பள்ளி. இந்த முறையின் நடைமுறையில் குறைகள் இருந்தன, உண்மைதான். அட்டைகள் கிழிந்து மாற்று வராத பள்ளிகளும், பயிற்சியே பெறாத ஆசிரியர்களும் உண்டு. அவை பராமரிப்பின் தோல்வி. பல வகுப்பு ஒரே அறையில் இருப்பதே குற்றம் என்று சொல்ல கர்நாடகக் கல்வித் துறைக்கு அருகதை இல்லை. அதைத் தன் அரசாணையாலேயே கொள்கையாக்கிய துறை அது.

சிறிய பள்ளிக்கு ஊரோடு உள்ள உறவு இன்னும் முக்கியமானது. கொடியேற்றமும் மிட்டாயும் ‘பிரதிபா காரஞ்சி’ போட்டியும் அதன் வெளித்தோற்றம். உள்ளே அதிகாரமும் இருக்கிறது. ராஜா ராமண்ணா தலைமையிலான கல்விப் பணிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2001இல் கர்நாடகம் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் எஸ்.டி.எம்.சி. என்ற மேம்பாட்டு, கண்காணிப்புக் குழுவை அமைத்தது. பெற்றோரே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். தலைவர் ஒரு பெற்றோர். பள்ளியின் வங்கிக் கணக்கில் தலைமையாசிரியரோடு அவரும் கையெழுத்திட வேண்டும். எட்டு ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றத்தில் நிறைவேறிய கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்றது. மற்ற எந்த அரசு அலுவலகத்தில் ஒரு விவசாயக் கூலிப் பெண் காசோலையில் கையெழுத்திடுகிறார்? ஏழு ஊர்ப் பள்ளிகளை ஒன்றாக்கினால் ஏழு குழுக்கள் ஒன்றாகும். அந்த ஒன்றில் யார் தலைவராவார் என்பதை ஊகிக்கக் கிராம அரசியல் தெரிந்தவர்களுக்கு வெகுநேரம் பிடிக்காது. பேருந்து நிற்கும் பெரிய ஊரின் ஆள் வருவார். காலனியிலிருந்தோ லம்பாணிகளின் தாண்டாவிலிருந்தோ ஒருவர் வருவது அபூர்வம்.

பிள்ளைகளின் குரலுக்கும் கர்நாடகம் வழி செய்திருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ‘உழைக்கும் குழந்தைகளுக்கான அக்கறை’ அமைப்பின் முயற்சியில் 1990இல் பீமா சங்கம் என்ற உழைக்கும் சிறார் சங்கம் உருவானது. அந்தப் பிள்ளைகளுக்கு ‘பீமா பத்ரிகே’ என்று சொந்தச் சுவர்ப் பத்திரிகையே இருந்தது. 1995இல் ஐந்து பஞ்சாயத்துகளில் ‘மக்கள பஞ்சாயத்து’ எனப்படும் பிள்ளைகள் பஞ்சாயத்துக்குத் தேர்தல் நடத்தினார்கள். 2004இல் உடுப்பி மாவட்டம் குந்தாபுரா வட்டத்தின் 56 கிராமப் பஞ்சாயத்துகளிலும் ஐந்தாண்டுத் திட்டம் வகுப்பதில் பிள்ளைகள் பங்கெடுத்தார்கள். இந்த அனுபவத்தைக் கண்ட அரசு, எல்லாக் கிராமப் பஞ்சாயத்துகளும் ஆண்டுதோறும் பிள்ளைகளின் கிராம சபையைக் கூட்ட வேண்டும் என்று 2006இல் சுற்றறிக்கை அனுப்பியது. பள்ளிக்குப் போகும் வழி, கழிப்பறை, குடிநீர், பள்ளி வாசலருகே சாராயக் கடை என்று பெரியவர்கள் பார்க்காததைப் பிள்ளைகள் எழுந்து நின்று சொல்லும் இடம் அது.

வழி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடலோர, மலைநாட்டு வட்டங்களில் வீடுகள் தோட்டங்களுக்குள் சிதறிக் கிடக்கும், நடுவே ஓடைகள். ‘காலுசங்க’ என்று அங்கே சொல்லப்படும் ஒற்றை மரப்பாலங்களைத் தாண்டித்தான் பள்ளி. 2022 ஆகஸ்டில் பைந்தூர் வட்டத்தில் பள்ளிவிட்டு வந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அப்படி ஒரு பாலத்திலிருந்து தவறி விழுந்து, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தாள். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டர் ‘நடை தூரத்துக்குள்’ இருக்க வேண்டும் என்கின்றன மத்திய விதிகள். வரைபடத்தில் அளக்கிற கிலோமீட்டரும் ஆடி மாத மழையில் ஆறு வயதுப் பிள்ளை நடக்கிற கிலோமீட்டரும் ஒன்றல்ல. இது குந்தாபுராப் பிள்ளைகளுக்குத் தெரியும். எந்தப் பள்ளியை எதோடு இணைக்கலாம் என்ற கேள்வி அவர்களுடைய சபையின் முன் வைக்கப்பட வேண்டாமா?

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நான்கு பேர் படிக்கும் பள்ளியில் கபடி ஆட அணி சேராது. பேசிப் பழக ஒத்த வயதுப் பிள்ளை இருக்காது. பெற்றோருக்கு ஆங்கிலம் வேண்டும். அதனால்தான் 2019-20இல் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு தொடங்கவேண்டி வந்தது. ஒரே ஊரில் நூறு மீட்டர் இடைவெளியில் இரு பள்ளிகள் இருந்து, பெற்றோரும் ஒப்பினால் இணைப்பதில் தவறில்லை. நல்ல நூலகமும் ஆய்வகமும் உள்ள பெரிய பள்ளி உயர்நிலை வகுப்புகளுக்குக் கட்டாயம் தேவை. பதினான்கு வயதுப் பிள்ளை பேருந்தில் போகலாம். ஆறு வயதுப் பிள்ளையை வேனை நம்பி அனுப்பும் ஊரில், டீசல் பணம் வராத மாதம் படிப்பு நிற்கும். முதலில் நிற்பது பெண் பிள்ளையின் படிப்பு.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. ராஜாஜி காலத்தில் மூடிய பள்ளிகளைக் காமராஜர் திறந்தார் என்று மேடைதோறும் கேட்டிருக்கிறோம். நெ.து.சுந்தரவடிவேலு முன்நின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. 1958இல் தொடங்கிய அந்த இயக்கத்தில், தங்கள் பள்ளிக்கு என்ன தேவை என்று ஊர்க்காரர்களே பட்டியல் போட்டார்கள். நாற்காலி, மணி, கரும்பலகை என்று அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். திறந்த பள்ளிகள் மறுபடி மூடிக்கொள்ளாமல் இருந்ததில் அதற்கும் பங்குண்டு. கர்நாடகத்திலும் அண்மை உதாரணம் இருக்கிறது. கொரோனா காலத்தில் பள்ளிகள் அடைந்துகிடந்தபோது, கிராமப் பஞ்சாயத்து நூலகங்களில் பிள்ளைகளை இலவச உறுப்பினராக்கும் ‘ஓதுவ பெளக்கு’ திட்டத்தை 2020 நவம்பரில் ஊரக வளர்ச்சித் துறை தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பஞ்சாயத்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பது அப்போது தெரிந்தது.

கர்நாடக அரசிடம் கேட்பது பெரிய தொகை அல்ல. மூடவோ இணைக்கவோ உத்தேசித்திருக்கும் பள்ளிகளின் பட்டியலை முன்கூட்டியே வெளியிடுங்கள். சட்டம் சொல்லும் இரண்டாவது ஆசிரியரைக் கொடுத்து இரண்டு கல்வியாண்டுகள் நடத்திப் பாருங்கள். பிறகும் பிள்ளைகள் வரவில்லையென்றால் எஸ்.டி.எம்.சி.யின் பெற்றோர் கூட்டத்தில் வாக்கெடுப்பு நடத்துங்கள். நவம்பரில் பிள்ளைகளின் கிராம சபைகள் கூடும்போது அந்தப் பட்டியலை அங்கே படியுங்கள். பிள்ளைகள் சொல்வதைத் தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதி, அதன் நகலைக் கோப்பில் சேர்த்த பிறகு அமைச்சர் கையெழுத்திடட்டும்.