மறு கன்னமும் மொட்டைக் கடிதமும்

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில், நம் சங்க நண்பர் ஒருவர் விளையாட்டாகக் கேட்டார். "ஏன் சார், அறைந்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டச் சொல்கிறதாமே உங்கள் வேதம்? ரயில்வேயில் 38 வருஷம் அப்படியா சார் காலம் தள்ளினீர்கள்?"

சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. நான் போதகன் அல்லன். டிப்ளமா படித்துத் தண்டவாளம் பார்த்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன இயேசுவையே ஒரு சேவகன் அறைந்த நிகழ்ச்சி யோவான் சுவிசேஷம் 18ஆம் அதிகாரத்தில் வருகிறது. அவர் திருப்பி அடிக்கவில்லை. வாய் பொத்தியும் நிற்கவில்லை. நான் பேசியதில் தவறிருந்தால் எடுத்துக்காட்டு, இல்லையென்றால் ஏன் அடித்தாய் என்று நிதானமாகக் கேட்டார். பொறுமை என்றால் ஊமையாக இருப்பது என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். பவுலுக்கு இதே போன்ற ஓர் இடத்தில் கோபம் வந்து கடுமையாகப் பேசிவிட்டார். பேசிய ஆள் பிரதான ஆசாரியர் என்று தெரிந்ததும் இறங்கி வந்தார். எனக்கு அவர்தான் கொஞ்சம் நெருக்கம்.

ஒடிசாவில் (அன்று ஒரிசா) பாரிபதா தொழுநோயாளர் இல்லத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய கிரஹாம் ஸ்டெயின்ஸ், 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்தபோது தீ வைத்துக் கொல்லப்பட்டார். உடன் இருந்த மகன்கள் பிலிப்புக்கு 10 வயது, திமோத்திக்கு 6. மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். அது பலவீனம் என்றவர்களும் உண்டு, விளம்பரம் என்றவர்களும் உண்டு. விளம்பரத்துக்குச் சொன்னவர் மறு மாதமே ஊருக்குக் கப்பலேறியிருப்பார். அவரோ 2004 வரை மகளுடன் அங்கேயே இருந்து அதே நோயாளிகளைக் கவனித்தார். 2005இல் அரசு பத்மஸ்ரீ அளித்தது. மன்னித்தேன் என்றதால் வழக்கு நின்றுவிடவும் இல்லை. 2003இல் தண்டனை விதிக்கப்பட்டது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. மன்னிப்பது அவர் வேலை, தண்டிப்பது சட்டத்தின் வேலை. இரண்டையும் குழப்பாததுதான் அந்த அம்மையாரின் பெருமை என்பது என் கருத்து.

அவ்வளவு பெரிய சோதனை எனக்கு வரவில்லை. 2000இல் வந்தது ஒரு மொட்டைக் கடிதம்தான். கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவ கேங்மேன்களுக்கு மட்டும் லீவு கொடுக்கிறான், மற்றவர்களை வாட்டுகிறான் என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தார்கள். விளக்கம் கேட்டு எனக்கு வந்துவிட்டது. இரவெல்லாம் உட்கார்ந்து நாலு பக்கம் பதில் எழுதினேன். எழுதியவனின் ஆங்கிலப் பிழைகளைக்கூட விடவில்லை!

எங்கள் ஹெட் கிளார்க், வயதான வங்காளி, படித்துப் பார்த்தார். "சார், இது இரண்டு நாள் டிராயரில் கிடக்கட்டும். முதலில் லீவு ரிஜிஸ்டரைப் பாருங்கள்" என்றார். அரை மனதோடு பார்த்தேன். கிறிஸ்துமஸுக்குக் கேட்ட மூவருக்கும் கொடுத்திருந்தேன். மகர பர்வத்துக்குக் கேட்ட இருவருக்கு, அவர்கள் சந்தால் மக்கள், வேலை அதிகம் என்று மறுத்திருந்தேன். மகர பர்வம் வேறொன்றுமில்லை, நம் பொங்கல் நாள்தான். அன்று நான் மட்டும் வீட்டில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் லைனுக்குப் போனது நினைவுக்கு வந்தது.

வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் என்றதும் கை தானாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. கடிதத்தில் முக்கால்வாசி பொய், கால்வாசி உண்மை. பொய்யை மறுத்து அரைப் பக்கமும், லீவு விஷயத்தில் என் தவறை ஒப்புக்கொண்டு நாலு வரியும் எழுதி அனுப்பினேன். அந்த இருவரையும் கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவர் சிரித்தார், மற்றவர் முகம் கொடுக்கவில்லை. அது அவர் உரிமை.

எங்கள் சபைகளில் சிலருக்கு இது பிடிக்காது. யார் குறை சொன்னாலும் "பாடு" என்று பெயரிட்டுவிடுகிறோம். பிறர் வணங்குவதை மேடையில் இழிவாகப் பேசிவிட்டு, அதற்குக் கிடைக்கும் வசவையும் பாடு என்றால் எப்படி? தவறு செய்து அடிபட்டு அதைப் பொறுத்துக்கொள்வதில் என்ன சிறப்பு என்று பேதுருவே தம் முதல் நிருபத்தில் கேட்கிறார். உண்மையாகவே அநியாயமாக அடிபடுகிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். நம் சில்லறைச் சண்டைகளை அவர்கள் துன்பத்தோடு சேர்ப்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

அடுத்த ஆண்டு மகர பர்வத்துக்கு கேட்டவர்களுக்கெல்லாம் முறை வைத்து லீவு கொடுத்தேன். கடிதம் எழுதியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆரம்பத்தில் தேடினேன், பிறகு விட்டுவிட்டேன். நம் நண்பர் அடுத்த கூட்டத்துக்கு வந்தால் அரைப் பக்கப் பதிலின் நகலைக் காட்டலாம் என்றிருக்கிறேன். அந்த நாலு பக்கமும் இன்னும் என் டிரங்குப் பெட்டியில்தான் கிடக்கிறது. அதைக் காட்டமாட்டேன்.