9900-ன்னு அச்சடிச்சா ஆயிடுமா?

மக்களே, அம்பத்தூர்ல எங்க ஆபீஸ் தம்பி ஒருத்தன் ரகசியமா ஒரு வேப் மெஷின் வாங்கி வெச்சிருக்கான். "அண்ணே, இந்த பேட்டரி ஓகேவா?"ன்னு ரெண்டு 18650 செல்லைக் காட்டினான். ஆவடியில ஒரு டார்ச் கடையில வாங்கினதாம். மேல பளபளன்னு 9900 எம்.ஏ.எச்.

பச்சைப் பொய்! 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், அவ்ளோதான் செல்லு. நல்ல கம்பெனி செல்லே 3500 சுத்தித்தான் நிக்குது. அதைவிட முக்கியம், எத்தனை ஆம்பியர் தாங்கும்ங்கறது. இந்த மெஷின் 15, 20 ஆம்பியர்கூட இழுக்கும். அந்த விவரம் செல்லுல இல்லவே இல்ல. தாங்காத செல் சூடாகும், வெடிக்கவும் வெடிக்கும். உறை கிழிஞ்ச செல்லை சில்லறையோட பாக்கெட்டுல போட்டா அதுவும் ஷார்ட்டுதான்.

இ-சிகரெட்டை 2018-ல தமிழ்நாடும் 2019-ல மத்திய அரசும் தடை பண்ணியாச்சு. விக்கிறது, ஸ்டாக் வைக்கிறது எல்லாமே குற்றம். சரி. ஆனா செல்லுக்குத் தடை இல்லையே? அதுக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம்னு சட்டம் இருக்கே? அந்த செல்லுல பதிவு எண்ணைத் தேடினேன், காணோம். இதை யார் பிடிக்கிறது?

தம்பிகிட்ட சொல்லிட்டேன்: "மெஷினும் வேணாம், செல்லும் வேணாம்."

டிஸ்கி: நமக்கென்னன்னு போயிடாதீங்க. உங்க வீட்டு சார்ஜ் டார்ச்சைக் கழட்டிப் பாருங்க. எங்க வீட்டுல இருந்ததும் 9900தான்!