நிறுத்த வேண்டாம், மாற்றித் தரக் கேளுங்கள்

மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் சிகிச்சை பெறும் பெண்களில் சிலர், "ஒரு மருந்து ஒத்துக்கொள்கிறது, மற்றொன்றால் மார்பு வலிக்கிறது, மனம் சோர்கிறது. ஆகவே அதை மட்டும் விட்டுவிட்டேன்" என்று எங்களிடம் கூறுவதுண்டு. அவ்வாறு விடப்படுவது பெரும்பாலும் புரோஜெஸ்டோஜன். கருப்பை உள்ள பெண்ணுக்கு அதுவே காவல்.

திடீரென உடல் சூடேறுவதையும் இரவு வியர்வையையும் தணிப்பது ஈஸ்ட்ரோஜன். ஆனால் அதைத் தனியாக எடுத்துக்கொண்டால் கருப்பையின் உட்படலம் தடிக்கும். நாளடைவில் அங்கே புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் கூடும். 1975ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வுகள் இதனை உணர்த்தின. கருப்பை அகற்றப்பட்டவர்களுக்குப் புரோஜெஸ்டோஜன் பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

புரோஜெஸ்டோஜன் என்பது ஒரே மருந்தன்று. மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன், உடலில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோனே. உறக்கம் தருவதால் இரவில் உட்கொள்ள வேண்டும். டைட்ரோஜெஸ்டிரோன் அதனோடு நெருங்கிய அமைப்புடையது. மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன், நாரெதிஸ்டிரோன் ஆகியனவும் உண்டு. மாத்திரையே ஒவ்வாதவருக்கு, லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மி.கி. கொண்ட கருப்பையகச் சாதனம் 5 ஆண்டுகள் வரை அக்காவலைத் தரும்.

மார்பகப் புற்றுநோய் பற்றிய அச்சமும் நியாயமானதே. ஈஸ்ட்ரோஜனுடன் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் பெற்றவர்களிடம் அந்நோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதை 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன், டைட்ரோஜெஸ்டிரோன் ஆகியவற்றில் அந்த ஆபத்து குறைவாக இருக்கலாம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் அது முடிந்த முடிபன்று. எனவே ஒருவருக்கு ஏற்றது மற்றவருக்கும் ஏற்றதாகும் என்று கொள்ளலாகாது.

இம்மருந்தைச் சொல்லாமல் நிறுத்துவதற்கு நோயாளிகளை மட்டும் குறைகூறுதல் முறையன்று என்பது எங்கள் கருத்து. எதற்காகத் தருகிறோம் என்பதை மருத்துவர்களாகிய நாங்கள் விளக்கியிருக்க வேண்டும். "இது கருப்பையின் காவலுக்கு" என்று மருந்துச்சீட்டில் ஒரு வரி எழுதினாலே பலர் அதைக் கைவிடமாட்டார்கள்.

ஒத்துக்கொள்ளவில்லையெனில் எங்களிடம் கூறுங்கள். வகையை, அளவை, உட்கொள்ளும் முறையை மாற்ற இயலும். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் தயங்காமல் தெரிவியுங்கள், கடிந்துகொள்ள மாட்டோம். எதிர்பாராத இரத்தப்போக்கு ஏற்பட்டால் உடனே வாருங்கள். வீட்டிலிருப்போரும், "இரண்டு மருந்தையும் எடுத்துக்கொண்டீர்களா?" என்று அன்போடு கேட்பது நல்லது.